ஆடியில் மாற்றிய விதி

தண்டவாளத் துண்டை நான்தான் தட்டினேன்.

வேப்பமரக் கிளையில் கம்பி கட்டித் தொங்கவிட்ட இரும்பு அது. குற்றாலத்தில் அருவிக்குப் போகிற வழியில் கடை வைத்திருந்த எங்கள் எல்லோருக்கும் ஒரு சங்கம் இருந்தது. அந்தச் சங்கத்துக்கு அதுதான் மணி. அதைத் தட்டினால் கூட்டம். கடைக்கு ஒருவர் வந்தாக வேண்டும்.

அன்றைக்கு மலையில் பேய்மழை. அருவி செம்மண் நிறத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. குளிக்கக் கூடாது என்று போலீஸ்காரர்கள் கயிறு கட்டிவிட்டார்கள். வழியில் ஆள் நடமாட்டமே இல்லை, அருவியின் இரைச்சல் மட்டும்தான். அதையும் மீறிக் கேட்கட்டும் என்று ஓங்கி ஓங்கித் தட்டினேன். கை மரத்துப்போயிற்று.

எண்ணெய்க் கடை செல்லம்மாள்தான் முதலில் ஓடி வந்தாள். சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகியிருந்தாள்.

"மதினி, ஒங்களுக்குக் கோட்டி கீட்டி பிடிச்சிருக்கா? ஆம்பளைய எல்லாம் தென்காசிக்குப் போயிருக்காவ. இந்நேரத்துல மணியைத் தட்டுதீயளே?"

"அதுக்குத்தாம்ட்டி தட்டுதேன்" என்றேன்.

பழக்காரிக்கு எதற்குச் சட்டம்?

என் பழக்கடையைப் பற்றிப் போன வாரம் இதே பத்திரிகையில், நான் சொல்லச் சொல்ல மகள் எழுதி, வந்திருந்தது. அதைப் படித்துவிட்டு ஒருவர், "அம்மா, பழம் விற்ற கதையைச் சொல்லுங்கள், நடுவில் சட்டம் கிட்டம் என்று எழுதுகிறீர்களே, அது உங்களுக்கு எதற்கு?" என்று கேட்டிருக்கிறார். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். மகள் வாசித்துக் காட்டினாள். கேட்டதும் உச்சந்தலை சூடாகிவிட்டது.

எதற்கா? சட்டத்தை வைத்துத்தான் ஐயா என்னைத் தள்ளப் பார்த்தார்கள். கம்பை வைத்துத் தள்ளியிருந்தால் கம்பைப் பற்றி எழுதியிருப்பேன்.

என் வீட்டுக்காரர் காய்ச்சலில் போனபோது எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. இருந்தது அந்தக் கடை ஒன்றுதான். கடை என்றால் நான்கு மூங்கில், மேலே கீற்று, முன்னால் ஒரு பலகை. அதில் மங்குஸ்தான், பலாச்சுளை, மலைவாழை. ஆனால் இடம் நல்ல இடம். அருவியில் நனைந்துவிட்டு நடுங்கிக்கொண்டே வருகிறவர்கள் தலை துவட்டிக்கொண்டு முதலில் நிற்கிற திருப்பம். குளிர்ந்த வயிறு எதைக் கண்டாலும் கேட்கும். அந்தத் திருப்பத்தால்தான் நானும் என் மகளும் யார் வீட்டுப் படியிலும் ஏறாமல் வாழ்ந்தோம்.

எங்கள் வரிசையில் என்னைப்போல் கடை நடத்திய பெண்கள் நிறையப் பேர். பாதிக்குக் கொஞ்சம் குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் தாலி அறுத்தவர்கள். சிலருக்குப் புருஷன் இருந்தும் இல்லாத கணக்கு.

குமாஸ்தா எழுதிய விதிகள்

நாடு குடியரசான மறுவருஷமோ அதற்கு அடுத்ததோ, எங்கள் சங்கம் ஆரம்பித்தது. தென்காசியில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்த சுப்பையாதான் விதிகள் எழுதிக்கொடுத்தார். என் வீட்டுக்காரருக்குக் கூட்டாளி. வெற்றிலை போட்டுக்கொண்டே பேசுவார், பாதிப் பேச்சு வாய்க்குள்ளேயே நின்றுவிடும்.

நாட்டுக்குப் புதுசாக ஒரு சட்டம் வந்திருக்கிறது, ராஜா என்று யாரும் கிடையாது, ஆள்கிறவனையும் கட்டுகிற கயிறு அது, நமக்கும் அதேபோல் சின்னதாக ஒன்று இருக்கட்டும் என்று சொல்லித்தான் அவர் உட்கார்ந்தார். கடைக்கு ஒரு ஓட்டு. உட்கார்ந்திருப்பது ஆணோ பெண்ணோ, பழமோ எண்ணெயோ, பேதமில்லை. அவரவர் இடம் அவரவருக்கு. தலைவராக யார் வந்தாலும் அதைத் தொடக் கூடாது.

எங்களில் பலருக்குக் கையெழுத்துப் போட வராது. அதனால் ஓட்டுக்கு ஒரு குடம். வாயில் துணி கட்டி, கை நுழைகிற அளவுக்கு விலக்கியிருப்போம். சரி என்றால் புளியமுத்து, வேண்டாம் என்றால் கூழாங்கல். குடத்துக்குள் கையை விட்டு எதைப் போட்டோம் என்பது போட்டவருக்கும் சாமிக்கும்தான் தெரியும்.

தார்ப்பாய் மாற்றுவது, பெட்ரோமாக்ஸ் ஏற்றுவது இந்த மாதிரிக் காரியத்துக்கு எந்த மாதமும் கூடலாம், பாதிக்கு மேல் முத்து விழுந்தால் போதும். ஆனால் விதியையே மாற்ற வேண்டும் என்றால் தை மாதக் கடைசியில் மட்டும்தான். அதுவும் வந்தவர்களில் அல்ல, மொத்தக் கடைகளில் மூன்றில் இரண்டு பங்கு சம்மதிக்க வேண்டும்.

"ஏன் தை?" என்று நான் கேட்டேன்.

"சாரல் சீசன்ல எவனுக்கும் நிக்க நேரம் இருக்காது மதினி. அவசரத்துல விதியைத் தொடப்பிடாது. தையில எல்லாரும் சும்மா இருப்பாவ. உக்காந்து யோசிக்கலாம். கோவமும் ஆறிரும்."

"அப்ப நாட்டுச் சட்டத்தையும் அப்படித்தான் யோசிச்சுத் தொடுவாவளோ? வந்து ஒரு வருசத்துலயே திருத்திட்டாவன்னு காப்பிக்கடையில பேசிக்கிடுதாவளே. பால் காச்சின ஈரம் காயலை, அதுக்குள்ள செவத்தை இடிக்குதீயளே!"

சுப்பையா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சிரித்தார். நம் பக்கத்தில் பிற்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குக் காலேஜில் இடம் ஒதுக்கிய உத்தரவைக் கோர்ட்டு செல்லாது என்று சொல்லிவிட்டது, ஊரெல்லாம் கொதித்தது, அதற்காக ஒரு திருத்தம் என்றார். அதுவும் நினைத்தபடி செய்துவிட முடியாது, டெல்லிச் சபையில் மொத்தப் பேரில் பாதிக்கு மேலும் வேண்டும், வந்து உட்கார்ந்திருப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும், சில காரியங்களுக்குப் பாதி மாகாணங்களும் தலையாட்ட வேண்டும் என்றார்.

அப்படியென்றால் சரிதான் என்று தோன்றியது. உள்ளே வர முடியாதவனுக்கு வாசல் வைக்கச் சுவரை இடித்தால் நான் ஏன் கோபப்படப் போகிறேன்?

செங்கோட்டை நம் பக்கம் வந்த கதை

இன்னொன்றும் பார்த்தேன். செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தது. எனக்கு மங்குஸ்தான் கொண்டுவந்து போடுகிற கிழவர் அந்த ஊர்க்காரர். பாதி தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசுவார். ஐப்பசியில் ஒருநாள் விடிந்தபோது அவர் ஊர் நம் மாகாணத்துக்கு வந்துவிட்டது. அதற்காக டெல்லியில் சட்டத்தையே திருத்தினார்கள் என்றார் சுப்பையா.

கிழவர் கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சொன்னார்: "ஞான் அங்கனயேதான் தாயி இருக்கேன். கோடுதான் நகந்து போச்சு."

சிரித்தோம். ஆனால் அந்தக் கோட்டை நகர்த்துவதற்கு முன்னால் ஆள் அனுப்பி ஊர் ஊராக விசாரித்தார்கள், இரண்டு பக்கத்துச் சபைகளிலும் கேட்டார்கள். அவ்வளவு பெரிய நாட்டில், ஒரு கோட்டை நகர்த்த அத்தனை கேள்வி. இங்கே இத்தனூண்டு அருவிக்கரையில் என் பலகையை நகர்த்த என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

தார்ப்பாய்க்கு என்று சொன்ன கூட்டம்

செங்கோட்டை வந்து சில வருஷம் கழித்து, ஓர் ஆடி மாதம். நல்ல சீசன். பஸ் பஸ்ஸாக வந்து இறங்குகிறார்கள். தேங்காய் எண்ணெய் வாசனையும் ஈரத்துணி வாசனையும் பலாப்பழ வாசனையும் ஒன்றாகக் கலந்து வீசுகிறது. மூச்சு விட நேரமில்லை.

நடுப்பகலில் மணி அடித்தது. என் பக்கத்துக் கடை ஆறுமுகம் அண்ணாச்சி வந்தார். துண்டும் சோப்பும் விற்கிறவர், சாது. அவர் குளிக்கப் போனால் அவர் கடையை நான் பார்ப்பேன். நான் மகளுக்குச் சோறு கொடுக்கப் போனால் என் கடையை அவர் பார்ப்பார். பார்த்துக்கொள்வது என்றால் சும்மா பார்ப்பதல்ல. விலை சொல்வது, பேரம் முடிப்பது, காசு வாங்குவது எல்லாம். இவர் சொன்னது நான் சொன்ன மாதிரி. அருவிக்கரையில் அதுதான் வழக்கம்.

"கோமதி மதினி, தார்ப்பாய்க்குத்தான் கூட்டமாம். நீங்க எப்படி வருவீய, இத்தனை கூட்டத்துல? ஒங்க முத்தையும் நான் போட்டுருதேன்."

புளியமுத்தை எடுத்துக் கையில் கொடுத்தேன். வரிசையில் எல்லாப் பெண்களும் பக்கத்துக் கடைக்காரரிடம் அப்படித்தான் கொடுத்தார்கள். கடையையே ஒப்படைக்கிறோம், முத்தை ஒப்படைக்க மாட்டோமா?

தார்ப்பாய் என்ற பேச்சே அங்கே எழவில்லை. விதியை மாற்ற இனித் தை மாதம் வேண்டாம், எந்த நாளும் மாற்றலாம்; மூன்றில் இரண்டு வேண்டாம், மணி அடித்ததும் வந்தவர்களில் பாதிக்கு மேல் போதும். இதுதான் தீர்மானம். எங்கள் முத்தெல்லாம் அதற்கு விழுந்தது.

ஏமாந்தாய் என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். நான் ஏமாறவில்லை, நம்பினேன். தப்பு நம்பியவளுடையதா, நம்பினதை விற்றவனுடையதா?

பூட்டைக் கழற்றியாயிற்று. அப்புறம் என்ன? ஒரு வாரத்தில், காலையில் நாங்கள் கடை விரிக்கிற மும்முரத்தில் மணியைத் தட்டினார்கள். வந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆம்பிளைகள்தான். முன்வரிசையில் இனி ஆண்கள் நடத்துகிற கடைகள்தான், பெண்கள் கடையெல்லாம் பின்னால், குதிரைவண்டிகள் நிற்கிற இடத்துக்கு அந்தப் பக்கம், ஆவணி பிறந்ததும் மாறிக்கொள்ள வேண்டும் என்று முடித்துவிட்டார்கள்.

'எல்லாம் முறைப்படித்தான்'

தலைவர் சங்கரலிங்கம் அண்ணாச்சிக்கு அருவிக்குப் பக்கத்தில் லாட்ஜ் இருந்தது. மச்சினன்மார் நான்கு பேர். அவர்களுக்கு முன்வரிசையில் இடம் வேண்டும், அதுதான் விஷயம். ஆனால் வாயில் வந்தது வேறு. நேராகப் போய்க் கேட்டேன்.

"குளிச்சுட்டு ஈரத்துண்டோட வாரவன் பொம்பளைய கடையில நிக்கக் கூச்சப்படுதான் மதினி. ஒங்க நல்லதுக்குத்தான்."

"இத்தனை வருசமா நின்னவனுக்கு எங்கன போச்சு கூச்சம்? ஒம்ம மச்சினன்மார் கடை போடப்போறாவன்னதும் வந்துட்டாக்கும்?"

"கோவப்படாதீய. எல்லாம் முறைப்படித்தான் நடந்துருக்கு. குடத்தைக் கவுத்து எண்ணியாச்சு."

"முத்தை எண்ணத் தெரிஞ்ச ஒமக்கு ஆளை எண்ணத் தெரியலையோ? தையில செய்ய வேண்டியதை ஆடியில செஞ்சீரு. அது என்ன முறை?"

"சவத்தைத் தள்ளுங்க, விடுங்க. மாசத்துல என்ன கெடக்கு?" என்று விசிறியை எடுத்துக்கொண்டார்.

தென்காசிக்கு நடந்தேன். பஸ்ஸில் ஏறக்கூட மனசு நிற்கவில்லை. சுப்பையா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வெளியே போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"தப்புதான் மதினி. ஆனா கோர்ட்டுக்குப் போனா வருசக்கணக்காகும். தீர்ப்பு வருததுக்குள்ள நீங்க பின்னால போயிருப்பீய."

"பூட்டு வச்சீயளே, அந்தப் பூட்டையே கழத்தப்பிடாதுன்னு ஏன் எழுதலை?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நாட்டுச் சட்டத்துலயும் அப்படி எழுதலியே."

பிற்பாடு ரொம்ப வருஷம் கழித்துப் பெரிய கோர்ட்டு ஒன்று சொன்னதாம்: சட்டத்தை எப்படி வேண்டுமானாலும் திருத்துங்கள், ஆனால் அதன் அஸ்திவாரத்தை மட்டும் தொடக் கூடாது என்று. ரேடியோவில் பேசிக்கொண்டதை மகள் விளக்கிச் சொன்னாள். சந்தோஷம்தான். அன்றைக்கு அந்தக் கோர்ட்டு எங்கே போயிருந்தது?

திரும்பி வரும்போது ஒரே ஒரு எண்ணம். பூட்டைக் கழற்றிப் போட்டுவிட்டார்கள். கதவு திறந்து கிடக்கிறது. திறந்த கதவு அவர்களுக்கு மட்டும்தானா?

மந்திரிக்கு மாலை

ஆவணிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. தென்காசிக்கு ஒரு மந்திரி வருகிறார் என்று, சங்கத்தின் பேரில் மாலை போடத் தலைவர் ஆம்பிளைகளை எல்லாம் ஒரே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார். வெள்ளம் வந்து வியாபாரமும் இல்லாத நாள். அவர்கள் கடைகளை எல்லாம் பார்த்துக்கொள்ள ஆறுமுகம் அண்ணாச்சியை விட்டுப் போனார்கள்.

அப்போதுதான் நான் மணியைத் தட்டினேன்.

கோயிலுக்குப் பின்னால் இருந்த சத்திரத்துக் கூடத்தில் பெண்கள் எல்லோரும் கூடினோம். ஈரச் சேலையும் மழை நாற்றமும். நடுவில் குடம். ஆறுமுகம் அண்ணாச்சி வாசல்படியிலேயே நின்றார். அவரைப் பார்த்ததும் எனக்கு அடக்க முடியவில்லை.

"வாங்க அண்ணாச்சி. தென்காசிக்குப் போனவ்வொ கடையெல்லாம் நீங்கதான பாக்குதீய? அவ்வொ முத்தையும் நீங்களே போட்டுருங்களேன். கைநிறைய வரும்."

"என்ட்ட ஒண்ணும் சொல்லிட்டுப் போகலை மதினி" என்றார் மெதுவாக.

"நான் சொன்னேனா? என் கடையைப் பின்னால தள்ளுங்கன்னு நான் சொல்லித்தான் முத்தைக் குடுத்தேனா?"

அவர் உள்ளே வந்து சுவர் ஓரமாக உட்கார்ந்தார்.

நான் எழுந்தேன். "ரெண்டு காரியம். ஒண்ணு, பழைய பூட்டைத் திரும்பப் போடணும். தையில மட்டும், மொத்தக் கடையில மூணுல ரெண்டு. அதோட அவனவன் முத்தை அவனவன் கையாலதான் போடணும். பொம்பளைய கடை இருந்த எடத்துலயே இருக்கும். ஆனா அதுக்கு முன்னால இன்னொண்ணு. கதவு தெறந்து கெடக்கும்போதே ஆம்பளைய கடையை எல்லாம் வண்டிப்பேட்டைக்கு அந்தப் பக்கம் தள்ளிப்புட்டு, அப்புறம் பூட்டுவோம். கெடக்கட்டும் மூதிய. குதிரைச் சாணியில ஒக்காந்து துண்டு விக்கட்டும்."

சிலர் சிரித்தார்கள். செல்லம்மாள் சிரிக்கவில்லை.

"மதினி, அவ்வொகளைக் கேக்காம அவ்வொ எடத்தை மாத்துனா, நமக்கும் அந்தச் சங்கரலிங்கத்துக்கும் என்ன வித்தியாசம்?"

"அவன் செய்யலாம், நாம செய்யப்பிடாதா? நீ அவனுக்கு வக்காலத்தாட்டி?"

"அவனுக்கு இல்ல. நாளைக்கு எனக்கு. ஒங்களுக்கு என் மேல கோவம் வந்தா, மழை நாளாப் பாத்து மணியைத் தட்டுவீய."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விடவில்லை. ஆம்பிளைகளைத் தள்ளுகிற என் தீர்மானத்துக்குக் குடம் வைத்தே ஆக வேண்டும் என்று நின்றேன். ஒவ்வொருவராக வந்து குடத்துக்குள் கையை விட்டார்கள். ஆறுமுகம் அண்ணாச்சியும் வந்தார். விட்ட கையை உடனே எடுக்கவில்லை.

குடத்தைக் கவிழ்த்தோம். தரையெல்லாம் கூழாங்கல். நடுவே இரண்டே இரண்டு புளியமுத்து. ஒன்று என்னுடையது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் குடத்தை உதைத்திருப்பேன். என்னோடு சேர்ந்து வயிறெரிந்தவர்கள், என்னோடு பின்னால் போகவேண்டியிருந்தவர்கள், என்னையே தோற்கடித்துவிட்டார்கள். செல்லம்மாளிடம் அந்த ஆவணி முழுக்க நான் பேசவில்லை. ஆனால் தோற்றேன் என்பதை ஒத்துக்கொண்டேன். அது என் கண் முன்னால், அவரவர் கையால் போட்டு நடந்தது. பிறகு பூட்டுக்காகக் குடத்தை வைத்தோம். அதில் ஒரு கூழாங்கல்கூட விழவில்லை.

சாயங்காலம் பஸ் வந்தது. தலைவர் தோளில் மந்திரி திருப்பிப் போட்ட மாலை. விஷயத்தைக் கேட்டதும் அதைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டார்.

"பொம்பளைய கூடிப் பேசினா அது கூட்டமா? செல்லாது!"

"செல்லாதுன்னா சரி" என்றேன். "மணி அடிச்சதும் வந்தவங்களே போதும்னு நீங்க ஆடியில போட்ட விதிப்படிதான் கூடினோம். அது செல்லும்னா இதுவும் செல்லும். இது செல்லாதுன்னா அதுவும் செல்லாது. எது வேணும்னு சொல்லிட்டுப் போங்க அண்ணாச்சி."

சுற்றிலும் பார்த்தார். மச்சினன்மார் பஸ்ஸிலிருந்து இறங்காமலே இருந்தார்கள். கடைசியில் ஆறுமுகம் அண்ணாச்சியிடம் திரும்பினார்.

"ஏலே, கடையைப் பாத்துக்கோன்னுதான ஒன்னை விட்டுட்டுப் போனேன்? நீ இங்கன என்னலே செஞ்சுக்கிட்டு இருந்த?"

ஆறுமுகம் அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டார்.

"என் முத்தை நான் போட்டேன் அண்ணாச்சி" என்றார். "வேற ஒருத்தர் முத்தையும் நான் தொடலை."

எதற்குப் போட்டார் என்று தலைவர் கேட்கவில்லை. அந்த இரண்டாவது புளியமுத்து யாருடையது என்று நானும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பதற்குத்தானே குடத்துக்குத் துணி கட்டியது? தன்னையே தள்ளச் சொல்லிப் போட்டிருந்தாலும், அதற்காக அவரை நான் மன்னித்துவிடவில்லை. மறுநாள் காலையும், ஆவணி பிறந்த பிறகும் அதே திருப்பத்தில்தான் பலகையைத் துடைத்துப் பழத்தை அடுக்கினேன். அவர் பக்கம் திரும்பவே இல்லை.